டபுள் ஷிஃப்ட் ஓடிய மாதங்கள்

எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. அவர் என்னிடம் என் ஃபேக்டரியைப் பற்றிக் கேட்கக் கூடாது, நான் அவரிடம் அவருடைய யூனிட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. கல்யாணமான புதிதில் உட்கார்ந்து பேசி வைத்த விதி இல்லை. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் வான் பாதுகாப்புப் பிரிவில் சுபேதார். நான் மராட்டிச் சீமையில் ரஞ்சன்காவ் பக்கம் ஒரு தனியார் ஃபேக்டரியில், ஏவுகணைகளைக் கடைசியாகச் சரிபார்க்கும் மேசையில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேருமே வேலைக்குச் சேர்ந்த அன்றே வாயைக் கட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். அதனால் தாபோடியில் எங்கள் சின்ன ஃபிளாட்டில், அவர் லீவில் வரும்போது, சாப்பாட்டு நேரப் பேச்செல்லாம் இன்றைக்குத் தண்ணீர் வருமா, லோக்கல் ரயில் ஏன் லேட், மேல்வீட்டுக்காரர் ஏன் ஞாயிற்றுக்கிழமையும் சுவரில் டிரில் போடுகிறார் என்பதோடு முடிந்துவிடும்.

குடியாத்தத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் விடமாட்டார்கள். "நீ செய்யறத அவன் சுடறானா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். பதில் மட்டும் சொன்னதில்லை.

பதில் 'ஆமாம்' என்பதுதான். எங்கள் மேசைக்கு வரும்போது பீஸ் முழுமையாகியிருக்கும். ஓர் ஆள் உயரக் குழாய், அதற்குள் ஏவுகணை. தோளில் தாங்கியோ முக்காலியில் பொருத்தியோ, மேலே வருகிற விமானத்தையும் ட்ரோனையும் பார்த்து ஏவுவது. மூடி இறுக்கமாக இருக்கிறதா, உள்ளே ஈரம் போயிருக்கிறதா, மின்சாரத் தொடர்பு சரியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் படுக்க வைப்பது எங்கள் வேலை. என்னைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஷிரூர், ஷிக்ராபூர் பக்கத்து மராட்டிப் பெண்கள். அவர்கள் ஒவ்வொரு பெட்டியையும் மூடும்போது, தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்புகிற மாதிரி, "நீட் ஜா" என்பார்கள். ஒழுங்காகப் போய்ச் சேர் என்று அர்த்தம். நானும் சொல்லப் பழகிவிட்டேன். அந்தப் பெட்டிகளில் சில என் வீட்டுக்காரர் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொன்னதில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். அவரும் சொன்னதில்லை. எங்கள் தாம்பத்தியத்தில் ரொம்ப அந்தரங்கமான விஷயம் அதுதான் என்று நினைத்துச் சில சமயம் பஸ்ஸில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு நண்பர் உண்டு. உண்டு என்று எழுதிவிட்டேன், இருந்தார். சாத்தாரா பக்கத்து மராட்டிக்காரர், அதே யூனிட்டில் ஹவில்தார். இவர் சேர்ந்த சமயத்திலேயே அவரும் சேர்ந்தவர். பாலைவனம், பனி, எங்கே போட்டாலும் இரண்டு பேரும் ஒன்றாகவே சுற்றியவர்கள். இவர் சொல்லித்தான் அவர் மனைவியையும் இரண்டு பெண்குழந்தைகளையும் கொண்டுவந்து எங்கள் சந்திலேயே வாடகைக்கு வைத்தார். மராட்டியில் அண்ணன் மனைவியை வஹினி என்பார்கள். இவரும் அவரும் அண்ணன் தம்பி மாதிரி என்பதால், நானும் அந்தப் பெண்ணும் ஒருவருக்கொருவர் வஹினி ஆகிவிட்டோம். என் வீட்டுக்காரர் அவளுக்குப் பாவுஜி, அதாவது கணவரின் சகோதரர் முறை. அவள் எனக்குப் பாக்ரி என்கிற சோள ரொட்டி தட்டச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு இன்றுவரை வட்டமாக வரவில்லை. நான் இட்லி மாவு கொடுத்தனுப்பினால் அவள் அதில் தோசையும் இல்லாமல் அடையும் இல்லாமல் ஏதோ ஒன்று செய்து, "உங்க ஊர் அயிட்டம்" என்று எனக்கே கொண்டுவருவாள். அவள் கணவருக்கு என் வீட்டுக்காரர் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரும்பாலும் வெளியே சொல்ல முடியாத தமிழ். சபைக்கு ஆகிற வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியும். வாசலில் நின்று, ஏதோ பரேடில் கட்டளை கொடுப்பது போல, "வஹினி, சாப்ட்டாச்சா!" என்பார்.

அந்த வருஷம் மழைக்காலம் முடியும்போது ஃபேக்டரியில் டபுள் ஷிஃப்ட் ஆரம்பித்தது. நம் நாட்டோடு நட்பாக இருக்கும் ஒரு நாடு யுத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் ஊர்களின் மேல் தினமும் ட்ரோன் வந்து விழுந்துகொண்டிருந்தது. கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய் நம்மிடம் கேட்டார்கள். கொடுப்பதென்று மேலே முடிவானது. இதை எங்களைக் கூப்பிட்டு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நம் ராணுவத்துக்குப் போகிற பெட்டிகளில் இந்தியில் எழுத்து அடித்திருக்கும். இந்தப் பெட்டிகளில் இந்தி இல்லை. போதாக்குறைக்கு, நம் ராணுவத்துக்கென்று செய்து கிடங்கில் வைத்திருந்த பெட்டிகளும் திரும்பி எங்கள் மேசைக்கு வந்தன. இந்தி எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வண்ணம் பூசினோம். முதல் லாரி கிளம்பிய அன்று தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பெண்கள் எல்லாம் லாரிக்கு மஞ்சள் குங்குமம் இட்டார்கள். நானும்தான் இட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு காலத்தில் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம், இன்றைக்கு நம்மிடம் வந்து கேட்கிறார்கள் என்ற பெருமை.

ஏவுகணை செய்வது வெளியாட்கள் நினைக்கிற மாதிரி பட்டனைத் தட்டினால் வந்து விழுகிற காரியம் இல்லை. எரிபொருளை ஊற்றி இறுக விட வேண்டும். அது அவசரப்படாது. இலக்கைத் தேடிப்போகிற தலைப்பகுதி வேறு ஊரிலிருந்து வர வேண்டும். அங்கே ஒரு சின்னப் பாகம் வரவில்லை என்றால் இங்கே மொத்த வரிசையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கொடுத்ததை ஈடுகட்ட மாதக்கணக்கில் ஆகும். பக்கத்து வீட்டில் அவசரம் என்று ஸ்பேர் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நம் அடுப்பில் இருப்பது நாலு நாள் தாங்கும் என்று தைரியமாக இருப்போமே, அப்படித்தான் நாடும் இருந்தது. கொடுத்தது தப்பு என்று அன்றைக்கும் நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் சொல்ல வாய் வரவில்லை.

தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வஹினி பூரண் போளி செய்து கொண்டுவந்திருந்தாள். நான் காலை இருட்டில் கம்பெனி பஸ் ஏறி, திரும்பும்போது வாகோலி டிராஃபிக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போய், கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கிண்டலாகக் கேட்டார்.

"என்ன, மேடம் இப்பல்லாம் வீட்டுக்கே வர்றதில்லையாமே? வாட்ச்மேன் சொல்றான்."

"டபுள் ஷிஃப்ட்டுங்க. மூச்சு விட நேரமில்ல" என்றேன்.

அவர் நண்பருக்கு அதை இந்தியில் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர், "நல்லது" என்றார். நண்பர், "படியா ஹை, வஹினி, பஹுத் படியா" என்று இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக் கையில் குடித்தார். நான் ரசத்தைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

அவர்கள் எதைக் கேட்கவில்லையோ அதை நான் சொல்லவில்லை. எங்கள் விதிப்படி அது சரி. அந்த விதியில்தான் நாங்கள் ஆயுசு முழுக்க நிம்மதியாக இருந்தோம். அந்த 'நல்லது' மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. மனிதர் வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? 'உடம்பப் பாத்துக்கோ' என்று சொல்லியிருந்தால் அது என்னோடு போயிருக்கும்.

அடுத்த கோடையில் நம் எல்லையில் திடீரென்று பற்றிக்கொண்டது. சில நாள்கள்தான். ஆனால் அந்தச் சில நாள்கள் தாபோடியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ராணுவக் கல்லூரிக்குப் பக்கம் என்பதால் விளக்கை அணைக்கச் சொல்லி மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். டீக்கடையில் ரிடையர் ஆனவர்கள் எல்லாம் தளபதிகள் ஆனார்கள். நாம் ஆயுதம் கொடுத்தோமே, அந்த நட்பு நாட்டின் எதிரிதான் இப்போது வஞ்சம் வைத்து நம் எதிரிக்கு ட்ரோன் கொடுத்திருக்கிறான் என்று அங்கே ஒரு பேச்சு. உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. டிவியிலோ, நம்மிடம் எல்லாம் தேவைக்கு மேல் இருக்கிறது என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நானும் வஹினியும் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் எங்கள் மடியிலேயே தூங்கின.

முதல் நாள் சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவர்தான்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அங்க?"

"இருக்கோம். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு அவங்க கிட்டயும் சொல்லு." கூடவே கேட்டார். "உனக்கு வேலை இன்னும் அதே மாதிரி ஓடுதா?"

"ஓடுதுங்க."

"சரி. போதும். வெக்கறேன்."

யுத்தத்தின் நடுவில் கூட என் இடுப்பு வலியை நினைத்துக் கேட்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்து ராணுவ ஜீப் எங்கள் சந்துக்குள் வந்தது. நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்துக்கும் வஹினி இருந்த கட்டடத்துக்கும் நடுவில் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். எங்கள் பக்கம் திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று என் வாய் முணுமுணுத்தது. அவர்கள் திரும்பவில்லை. வஹினியின் படியில் ஏறினார்கள். அப்போது என் நெஞ்சில் இறங்கிய நிம்மதியைப் போல ஓர் அசிங்கமான நிம்மதியை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. அடுத்த விநாடியே அவள் குரல் கேட்டது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சாத்தாரா பக்கம் அவர்கள் கிராமத்தில் எல்லாம் நடந்தது. கொடி போர்த்தி, துப்பாக்கி வெடித்து, ஊரே கூடி கோஷம் போட்டது. பெரிய குழந்தை காதைப் பொத்திக்கொண்டு நின்றது. காரியங்கள் முடிந்ததும், குழந்தைகளுக்கு ஸ்கூல் இருக்கிறதே என்று வஹினி தாபோடிக்கே திரும்பி வந்தாள். அவளுக்கு முன் நிற்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பது ஏதோ நான் திருடிக்கொண்டு வந்த பொருள் போல உறுத்தும்.

அவர் லீவில் வந்தது சண்டை ஓய்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான். தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். மேல்வீட்டு டிரில் சத்தத்துக்கு எழுந்து நின்றுவிடுவார். வஹினி வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் வந்து நின்று, எங்கள் விதியை அவர்தான் முதலில் உடைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த டபுள் ஷிஃப்ட்டு... அதெல்லாம் யாருக்குப் போச்சு?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். சொல்லலாமா என்று யோசிக்கவே இல்லை. "வெளிநாட்டுக்குங்க. ஒண்ணுகூட நமக்கில்ல. நமக்குன்னு வெச்சிருந்ததையும் சேத்து அனுப்பிட்டாங்க" என்றேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அவர்களுக்கு வர வேண்டிய ஏவுகணைகள் கொஞ்ச காலமாகவே வரவில்லை. கேட்டால், வரும் என்பார்களே தவிர எப்போது என்று சொல்ல மாட்டார்கள். இருப்பதைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். தீபாவளியன்று நான் டபுள் ஷிஃப்ட் என்றதும், இரண்டு பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஃபேக்டரி இரவும் பகலும் ஓடுகிறது, அப்படியென்றால் சரக்கு கிளம்பிவிட்டது. திரும்பிப் போய்ப் பையன்களிடமும், கவலைப்படாதீர்கள், வந்துகொண்டிருக்கிறது என்று தைரியம் சொன்னார்கள். எங்கிருந்து தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. சுபேதார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சண்டை தொடங்கியதும் எதிரி முதலில் அனுப்பியது மலிவான சின்ன ட்ரோன்கள். நம் கையில் இருப்பதைத் தீர்ப்பதற்கென்றே அனுப்புவது. பீரங்கியால் அடிக்கலாம், கொஞ்சம் பொறுத்து அருகில் வந்ததும் அடிக்கலாம். அது ஆபத்து, ஆனால் முடியும். ஏவுகணையைத் தொடலாமா வேண்டாமா என்பதை அந்த இடத்தில் இவர்தான் முடிவு செய்ய வேண்டும். இவர் தொட்டார்.

"போன்ல உன்னைக் கேட்டேன் பாரு. ஓடுதுன்னு சொன்னியா... அதுக்கப்புறம் எதுக்குப் பையனுங்க உசுரோட விளையாடணும், சுடுங்கடான்னுட்டேன். எப்படியும் வந்துரும்னு."

அடுத்த நாள் பெரியது வந்தது. கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சரியாகப் போய் அடித்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதற்குக் கொடுக்க இவர்களிடம் ஒன்றும் இல்லை. அது வந்து விழுந்த ராடார் வண்டியில்தான் நண்பர் இருந்தார். கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன் என்றார் என் வீட்டுக்காரர். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். என் கையெல்லாம் வெங்காய வாசனை. "நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. அவ்ளோதாங்க. இதுல நம்ம தப்பு என்ன இருக்கு?" என்றேன். அதைத்தான் இப்போதும் சொல்வேன். யார் கேட்டாலும் சொல்வேன். ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிட்டோம். நாட்டுக்கு விசுவாசமாக இருந்தோம். அதற்கு மேல் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் என்ன செய்ய முடியும்? ஆனால் அவர் காதில் அது ஏறவில்லை.

அந்த மாதத்திலேயே ஃபேக்டரிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அந்த நட்பு நாட்டிலிருந்து. எங்கள் மேசைப் பெண்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களாம். வரிசையாக நிற்க வைத்தார்கள். எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. ஏதாவது வாய் தவறிக் கேட்டுவிடப் போகிறேன், வேலை போகப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், தட்டுத் தடுமாறின ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். என் எதிரில் வந்ததும் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டு. சின்னச் சின்னக் கட்டில்கள். அதன் மேல் வந்ததை நீங்கள் அனுப்பியதை வைத்துத்தான் தடுத்தோம் என்றார். அதில் ஒரு கட்டிலைத் தொட்டுக் காட்டி, என் பேத்தி என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் அந்த மனிதரை வெறுக்கத் தயாராக வந்திருந்தேன். எங்கே வெறுக்க? அந்தக் குழந்தை கையை மடக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறது. "காட் பிளஸ், சார்" என்றேன். அவர்கள் கொடுத்த சாக்லேட்டை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யாரையாவது திட்டி அழுதிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். திட்ட ஆளில்லாத அழுகை நிற்பதாக இல்லை. ஷிரூர்க்காரி ஒருத்தி வந்து கதவைத் தட்டி, "காய் ஜாலா?", என்ன ஆச்சு என்று கேட்டாள். வயிற்று வலி என்றேன்.

வஹினி கடைசியில் மாமனார் வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, இத்தனை நாள் மனதில் உருட்டிக்கொண்டிருந்ததை இந்தியில் கேட்டாள். மராட்டியில் கேட்டால் ஏதாவது ஒரு சொல் அவருக்குத் தப்பிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"பாவுஜி, ஒண்ணு கேக்கணும். டிவில எல்லாம் தேவைக்கு மேல இருந்துச்சுன்னு சொல்றாங்க. ஊர்ல இருக்கறவங்க அப்ப ஏன் இப்படின்னு கேக்கறாங்க. நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஸப் குச் தா நா? உங்ககிட்ட எல்லாம் இருந்துச்சு இல்ல?"

எனக்கு வாய் துடித்தது. இல்லை வஹினி, ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் என் கையால்தான் பெட்டியில் வைத்து அனுப்பினேன் என்று சொல்ல ஒரு அடி முன்னால் வந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே தமிழில், குரலை உயர்த்தாமல், "நீ பேசாத" என்றார். அவளுக்கு அது புரிந்திருக்காது. ஏதோ பால் பொங்குகிறது என்று சொல்கிற தொனியில்தான் சொன்னார்.

பிறகு அவளைப் பார்த்து, "தா, வஹினி. ஸப் தா" என்றார். எல்லாம் இருந்தது.

"அப்புறம் ஏன் தடுக்க முடியல?"

"முஜ்ஸே தேர் ஹோ கயீ." நான் தாமதித்துவிட்டேன்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் தரையில் வைத்தாள். "நீங்க பக்கத்துல இருக்கற வரைக்கும் எனக்குக் கவலை வேண்டாம்னு அவர் சொல்வார்" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

நான் கத்தினேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். "ஏங்க பொய் சொன்னீங்க? எதுக்குங்க? நாளைக்கு அவ புள்ளைங்களும் உங்களப் பத்தி அப்படித்தான நினைக்கும்!"

"இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு கேப்பாங்க" என்றார். "எங்க போச்சுன்னு கேப்பாங்க. நீயே சொல்லு, என்னன்னு சொல்றது? வேற ஊர்ல யாரோ பொழச்சுக்கிட்டாங்க, அதுக்குத்தான் உன் புருஷன் போனான்னு சொல்றதா? அந்தம்மா அப்புறம் யாரைப் போய்த் திட்டும்? இப்ப நான் இருக்கேன் இல்ல."

அந்தக் கழிப்பறைக் குழாய் நினைவுக்கு வந்தது. அவர் சொல்வது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் இன்னும் அதிகமாக அழுதேன்.

மறுநாள் டெம்போ வந்தது. நான் போக வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்காமல் இறங்கிப் போய்க் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். வஹினி ஓடி வந்து, "நீங்க விடுங்க. ஆள் இருக்காங்க" என்றாள். பாவுஜி என்று சொல்லவில்லை. அவர் கட்டிலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். சாமான் எல்லாம் ஏறும்வரை அங்கேயே நின்றார். வண்டி கிளம்பும்போது சின்னக் குழந்தை எப்போதும் போல அவரைப் பார்த்துக் கையாட்ட ஜன்னல் வழியாகக் கையை நீட்டியது. வஹினி அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.